வேகாத கடலையும் கருங்காய்ச்சலும்: ஆபத்துக் கணிப்பு எப்படி இயங்குகிறது?

நவராத்திரிப் பூசைக்கு அண்டா நிறையக் கடலை அவிக்கும் தோட்டத்து அம்மாக்கள் அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு பிடி கடலையை அள்ளிப் பார்ப்பார்கள். தோல் சுருங்கி மங்கியிருக்கிறதா? இராத்திரியே ஊறப்போட்டார்களா, விடியற்காலையில்தான் போட்டார்களா? கவ்வாத்து மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிலாறு விறகு காய்ந்ததா, மழையில் நனைந்ததா? எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இது பூசை நேரத்துக்கு வேகாது, இன்னொரு அடுப்பையும் மூட்டுங்க" என்பார்கள். தண்ணீர் இன்னும் கொதிக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த சில அடையாளங்களை வைத்து, நடக்கப்போவதைச் சொல்லிவிட்டார்கள். அதைவிட முக்கியமாக, அதற்கு ஏற்ற ஏற்பாட்டையும் உடனே செய்துவிட்டார்கள்.

கருங்காய்ச்சலோடு ஒருவர் வைத்தியசாலையில் சேரும்போது வைத்தியர் செய்ய வேண்டியதும் இதுதான். மருந்து இருக்கிறது, பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். ஆனால் சிலர் மருந்து தொடங்கிய பிறகும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் இறந்துபோகிறார்கள். அந்தச் சிலர் யார் என்று சேர்க்கிற அன்றே ஊகிக்க முடிந்தால், இரத்தம் ஏற்றவும், கிருமித்தொற்றைத் தேடவும், பெரிய வைத்தியசாலைக்கு இரவோடு இரவாக அனுப்பவும் நேரம் கிடைக்கும். இந்த ஊகத்தை ஒருவருடைய அனுபவத்திலிருந்து எடுத்து, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய கணக்காக மாற்றுவதைத்தான் முன்கணிப்பு மாதிரி என்கிறார்கள். அது எப்படி இயங்குகிறது, மலையகத்தில் அதை எடுத்துப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கடலை அண்டாவை வைத்தே பார்க்கலாம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கருங்காய்ச்சலை வடஇந்தியாவில் காலா அசார் என்பார்கள். மருத்துவத்தில் உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ். இதன் ஒட்டுண்ணி அடையாளம் காணப்பட்ட கதையில் சென்னைக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் கண்ட நுண்ணிய உருவங்களை வில்லியம் லீஷ்மன் 1903 மே மாதம் வெளியிட்டார். அதே ஆண்டு ஜூலையில் சென்னை அரசாங்கப் பொது வைத்தியசாலையில் வேலை செய்த சார்ல்ஸ் டொனோவன், தன் நோயாளிகளின் மண்ணீரலிலும் அவற்றையே கண்டதாக எழுதினார். இருவர் பெயரையும் சேர்த்து ரொனால்ட் ரோஸ் அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டொனோவானி என்று பெயரிட்டார்.

தேயிலைக்கும் இந்த நோய்க்கும் பழைய உறவு உண்டு. அசாம் தோட்டங்களில் ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோனது இதுதான். நவ்காங் பகுதித் தோட்டங்களில் புதிதாக வந்த தொழிலாளர்களைப் பழைய லயங்களில் குடியேற்றாமல், சில நூறு கஜம் தள்ளிப் புதிய லயம் கட்டிக் குடிவைத்தபோது நோய் பரவுவது வெகுவாகக் குறைந்தது. நோயைக் கடத்துவது மணல் ஈ என்பது அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பிறகு 1920களில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கல்கத்தாவில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமின் என்ற அந்திமனி மருந்து அசாமில் பெருந்தொகையான உயிர்களைக் காப்பாற்றியது.

உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் எந்த அடையாளம் ஏன் கணக்கில் வருகிறது என்பது புரியும். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய நம்முடைய காவல் குழியங்களுக்குள்ளேயே இந்த ஒட்டுண்ணி குடியிருந்து பெருகுகிறது. மண்ணீரல், ஈரல், என்பு மச்சை மூன்றும் அதன் வீடு. மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்படும். இரத்தம் ஊறும் இடமே பாதிக்கப்படுவதால் மூன்று வகைக் குழியங்களும் குறைகின்றன. செங்குழியம் குறைந்தால் சோகை, வெண்குழியம் குறைந்தால் நிமோனியா போன்ற தொற்று, குருதிச் சிறுதட்டு குறைந்தால் மூக்கிலும் முரசிலும் இரத்தக் கசிவு. ஈரல் தளர்ந்தால் கண் மஞ்சளாகும், கால் வீங்கும். வைத்தியம் செய்யாவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் இறப்பார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைத்தியம் கிடைத்த பிறகும் இறப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் இரத்தக்கசிவும் தொற்றும் கடுஞ்சோகையும்தான். மருந்து ஒட்டுண்ணியைக் கொல்வதற்குள் இவை முந்திக்கொள்கின்றன.

இப்போது அடுப்படிக்கு வருவோம்.

கோயில் மடப்பள்ளியில் ஒரு கொப்பி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக அவித்த ஒவ்வொரு அண்டாவுக்கும் அதில் ஒரு வரி. கடலை புதுசா பழசா, ஊறியதா, விறகு ஈரமா, கடைசியில் நேரத்துக்கு வெந்ததா இல்லையா. இந்தக் கொப்பியிலிருந்து ஒவ்வோர் அடையாளத்துக்கும் எவ்வளவு எடை என்று கணக்கிடலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தக் குறையும் இல்லாத கடலையில் ஓர் அண்டா சொதப்பினால் இருபது அண்டா சரியாக வரும். ஊறாத கடலையானால் சொதப்பும் பக்கம் நான்கு மடங்கு. பழைய கடலையானால் இன்னொரு நான்கு மடங்கு. ஈர விறகானால் மேலும் இரண்டு மடங்கு. மூன்றும் ஒரே நாளில் வாய்த்தால், 4 × 4 × 2 = 32. அதாவது 32 அண்டா சொதப்பினால் 20 அண்டாதான் தேறும்.

எடைகள் ஒன்றோடொன்று பெருகுகின்றன என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு குறையும் தனியாக வந்தால் சமாளித்துவிடலாம். மூன்றும் கூடிவந்தால் பாதிக்கு மேல் தோல்வி. ஆனால் அவசர வேலை நேரத்தில் யாரும் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஒரு புள்ளி என்று வைத்துவிடுகிறார்கள். ஈர விறகுக்கு 1, ஊறாததற்கு 2, பழசுக்கு 2, மொத்தம் 5. பெருக்கல் கூட்டலாகிவிட்டது. எத்தனை புள்ளிக்கு எவ்வளவு ஆபத்து என்ற ஓர் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும்.

கருங்காய்ச்சலுக்கான மதிப்பெண் முறைகள் இதே வழியில்தான் பிறந்தவை. பிரேசிலின் வடகிழக்கில் தெரெசினா நகரத்து ஆய்வாளர்கள் 2016ல் காலா-கால் என்ற கணிப்பானை வெளியிட்டார்கள். வயது, எத்தனை இடத்தில் இரத்தம் கசிகிறது, எச்.ஐ.வி தொற்று, வீக்கம், மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல், பற்றீரியாத் தொற்று போன்றவற்றுக்குப் புள்ளிகள். ஆய்வுகூடம் இருந்தால் வெண்குழியம், சிறுதட்டு, சிறுநீரகம், ஈரல் பற்றிய முடிவுகளும் சேரும். தென்சூடானில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பயன்படுத்திய முறையில் நோயாளியால் எழுந்து நடக்க முடிகிறதா என்பதற்கும் கனமான இடம் உண்டு. ஆய்வுகூடமே இல்லாத இடத்துக்கு அது எவ்வளவு பொருத்தமான கேள்வி! கட்டிலுக்கு அருகில் நின்று பார்த்தாலே பதில் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கொப்பியை நம்பலாமா என்று அறிய முதலில் பார்க்க வேண்டியது, அதில் சொதப்பிய அண்டாக்கள் எத்தனை என்பது. ஆயிரம் வரி இருக்கலாம், ஆனால் சொதப்பியவை பன்னிரண்டுதான் என்றால், நாம் கற்றுக்கொள்வது அந்தப் பன்னிரண்டிலிருந்துதான். அந்தப் பன்னிரண்டில் ஏழு செவ்வாய்க்கிழமை நடந்திருந்தால், செவ்வாய்க்கும் புள்ளி போடத் தோன்றும். அடையாளங்களை அடுக்கிக்கொண்டே போனால் பழைய கொப்பிக்கு அச்சாகப் பொருந்தும், நாளைய அண்டாவுக்குப் பொருந்தாது. கருங்காய்ச்சலில் வெளியான பல மாதிரிகளின் பலவீனம் இதுதான். இறப்புகள் சிலவே, சேர்த்த அடையாளங்களோ பல. இந்தியத் துணைக்கண்டத்தில் இது இன்னும் கடினம். அங்கே நோயாளிகள் வேகமாகக் குறைந்துவிட்டார்கள், இறப்பு அதைவிடக் குறைவு. 2023ல் உலகிலேயே முதல் நாடாக பங்களாதேஷ், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்த நோயை நீக்கிவிட்டதாக அங்கீகாரம் பெற்றது. மனமார மகிழ வேண்டிய செய்தி. அதனாலேயே கணிப்புக் கொப்பிகள் பெரும்பாலும் பிரேசிலிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும் எழுதப்பட்டவையாக இருக்கின்றன.

அப்படியானால் அந்த ஊர்க் கொப்பியை இங்கே கொண்டுவரலாமா?

கொழும்பில் எழுதிய கடலைக் கொப்பியை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பது மலையகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு மிலாறு திணித்தாலும் திறந்த அண்டாவில் அதற்கு மேல் சூடேறாது. குமிழி பறக்கும், கடலை அசையாது. கொழும்பில் ஒன்றுக்கு இருபது என்றிருந்த கணக்கு இங்கே ஒன்றுக்கு ஐந்தாகிவிடும்.

இந்த இடத்தில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொப்பி வரிசையைச் சரியாகச் சொல்கிறதா? சொல்கிறது. ஊறாத பழைய கடலை மலையிலும் கடைசியாகத்தான் வேகும், ஊறிய புதுக் கடலை முதலில் வேகும். கொப்பி எண்ணைச் சரியாகச் சொல்கிறதா? இல்லை. ஐந்து புள்ளிக்குக் கொழும்பில் 32க்கு 20, இங்கே 32க்கு 5. புள்ளிவிவர அறிஞர்கள் முதலாவதை வேறுபடுத்தும் திறன் என்றும், இரண்டாவதை அளவுப் பொருத்தம் என்றும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். ஆய்வுக் கட்டுரைகள் முதலாவதைப் பெருமையோடு முன்வைக்கும், இரண்டாவதைப் பலர் சோதிப்பதே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. "நூற்றுக்கு ஐந்து ஆபத்து, இங்கேயே வைத்துப் பார்க்கலாம்" என்று முடிவெடுக்கும் வைத்தியருக்கு வரிசை போதாது, அந்த ஐந்து உண்மையில் ஐந்தாக இருக்க வேண்டும்.

வெறும் உயரம் மட்டும் மாறினால் கொப்பியைத் தூக்கிப்போட வேண்டாம். தொடக்க எண்ணை மட்டும் உள்ளூருக்கு ஏற்பத் திருத்தினால் போதும், எடைகள் அப்படியே இருக்கலாம். சிக்கல் எடைகளே மாறும்போதுதான். பிரேசிலில் நோயைத் தருவது லீஷ்மேனியா இன்ஃபன்டம் என்ற வேறோர் இனம், அது நாய்களிடமிருந்து வருகிறது. இந்தியாவில் டொனோவானி, மனிதரிடமிருந்து மனிதருக்கு. எத்தியோப்பியாவின் வடமேற்கில் எள்ளுத் தோட்டங்களுக்குக் கூலிக்கு வருகிறவர்களிடையே எச்.ஐ.வி தொற்று அதிகம், ஆகவே அங்கே அதற்கென்று தனி மதிப்பெண் முறையையே உருவாக்கினார்கள். எடைகளே மாறிய இடத்தில் வேறூர்க் கொப்பியைப் பயன்படுத்துவது, கடலைக் கொப்பியை வைத்துப் பயறு அவிக்கப் பார்ப்பதைப் போன்றது.

மருந்து மாறினாலும் கொப்பி பழசாகிவிடும். பிரஷர் குக்கர் வீட்டுக்கு வந்த அன்றே ஊறாத கடலைக்கான பயம் பாதியாகிவிடவில்லையா? பீகாரில் அந்திமனி ஊசிகள் பல நோயாளிகளிடம் பலிக்காமல் போன பிறகு, கொழுப்புப் பூச்சுள்ள அம்போடெரிசின் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே தடவையில் ஏற்றும் முறை வந்தது. 2010ல் வெளியான பீகார் ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் ஆறு மாதத்தில் குணமாகியிருந்தார்கள். முப்பது நாள் ஊசி போட்ட காலத்துப் புள்ளிகளை இன்றைய நோயாளிக்குப் போட்டால் அவை ஆபத்தைத் தேவைக்கு அதிகமாகக் காட்டும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது, அது நுட்பமானது. அந்த அம்மா "வேகாது" என்று சொன்னதும் இரண்டாவது அடுப்பு மூட்டினார்கள் அல்லவா? அதனால் கடலை வெந்துவிட்டது. கொப்பியில் என்ன எழுதுவார்கள்? "பழைய கடலை, ஊறவில்லை, வெந்தது." இப்படி நூறு வரி சேர்ந்த பிறகு புதிதாகக் கணக்குப் போடுகிறவர் பழைய கடலையால் ஆபத்தே இல்லை என்று முடிவுகட்டுவார். இரண்டாவது அடுப்பைக் கொப்பியில் யாரும் எழுதவில்லை. கடுஞ்சோகையோடு வந்தவருக்கு அன்றே இரத்தம் ஏற்றிக் காப்பாற்றிய வைத்தியசாலைகளின் பதிவுகளிலும் இதே மயக்கம் நேரும். என்ன அடையாளம் இருந்தது என்பதோடு, அதைப் பார்த்து என்ன செய்தார்கள் என்பதும் பதிவாகாவிட்டால், நல்ல வைத்தியமே அடுத்த கணிப்பைக் கெடுத்துவிடும்.

இலங்கைக்கு வருவோம். இங்கே இருப்பது ஒரு புதிர். இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கும் அதே டொனோவானியின் ஒரு வகை இங்கே பெரும்பாலும் தோலில் வலியில்லாத புண்ணாகவே நிற்கிறது. உள்ளூரில் தொற்றிய முதல் தோல் நோயாளி 1992ல் பதிவானார். 2007ல் உள்ளுறுப்பு வகையும் உள்ளூரிலேயே தொற்றியதாகப் பதிவாயிற்று. 2008 முதல் லீஷ்மேனியாசிஸ் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை என்று வெப்பமான மாவட்டங்களில்தான் நோயாளிகள் அதிகம். மணல் ஈ குளிர்ந்த உயரங்களை விரும்புவதில்லை, ஆகவே ஹட்டன், நுவரெலியா லயங்களில் இது வழமையான நோயல்ல. ஆனால் மலையகப் பிள்ளைகள் இன்று மலையில் மட்டும் இல்லை. கட்டட வேலைக்கும் பண்ணை வேலைக்கும் கடை வேலைக்கும் கீழ்நாடெங்கும் போகிறார்கள். காய்ச்சல் கண்டால் வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

அப்படி ஒருவர் திரும்பி வந்து தோட்ட மருந்துச்சாலையில் ஒரு போத்தல் பாணி மருந்து வாங்கிக் குடித்து, குறையாமல், பிறகு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ போகிறார் என்று வையுங்கள். வேறூர்க் கொப்பி அவரை எப்படி வாசிக்கும்?

ஹீமோகுளோபின் குறைவு, ஒரு புள்ளி. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்களில் பலருக்கு நோய் வருவதற்கு முன்பே அது குறைவுதான். உடல் மெலிவு, இன்னொரு புள்ளி. ஆனால் ஊட்டக்குறைவும் இங்கே புதிதல்ல. 2016ஆம் ஆண்டு தேசியக் குடிசன, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவில் நூற்றுக்கு 17 பேர், தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 பேர். இங்கே இந்த அடையாளங்கள் இரண்டு விதமாகப் பேசக்கூடும். எல்லோருக்கும் இருப்பதால் யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பிரித்துக்காட்டும் சக்தியை இழக்கலாம். அல்லது ஏற்கெனவே தேய்ந்த உடல் என்பதால் எல்லோருடைய தொடக்க எண்ணையும் மேலே தள்ளலாம், மலையில் கொதிநிலை இறங்குவதைப் போல. எது உண்மை என்பதை இங்குள்ள பதிவுகள்தான் சொல்ல முடியும். "இவங்க எல்லாருக்கும் இரத்தம் குறைவுதானே" என்று வார்ட்டில் சொல்லிவிட்டுக் கடந்துபோவது மட்டும் கூடாது. பழகிப்போன குறை ஆபத்தில்லாத குறை ஆகிவிடாது.

எந்தக் கணிப்பானிலும் இல்லாத சங்கதிகளும் உண்டு. மேற்பிரிவு லயத்திலிருந்து தார்ப்பாதைக்கு எத்தனை மைல், ஒருநாள் வேலைக்குப் பேர் விழாவிட்டால் சம்பளத்தில் என்ன குறையும், சின்னப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வைத்தியசாலையில் படுப்பது. இவை உடலைத் தொடுவதில்லை என்று கணக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டவை. ஆனால் ஒருவர் காய்ச்சலின் பத்தாம் நாளில் வருகிறாரா மூன்றாம் மாதத்தில் வருகிறாரா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பது சூடானிய ஆய்வுகளில் இறப்போடு நேரடியாகத் தொடர்புபட்ட அடையாளம்.

உள்ளூர் எண்ணைத் திருத்துவதற்கு இலங்கையின் பதிவுகள் மட்டும் போதமாட்டா. வெளியூர் மாதிரியைச் சோதிக்கக் குறைந்தது நூறு தோல்விகளாவது கொப்பியில் வேண்டும் என்பது புள்ளிவிவரத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இந்தத் தீவில் அவ்வளவு பேர் இந்த நோயால் இறக்கவும் வேண்டாம். ஒட்சுபோர்ட்டில் இயங்கும் தொற்றுநோய்த் தரவுக் களம் பல நாட்டு ஆய்வுகளின் நோயாளிப் பதிவுகளை ஒன்றாகச் சேர்ப்பது இதனால்தான். பல ஊர்க் கொப்பிகளை அருகருகே விரித்தால்தான் எந்த எடை எங்கும் மாறாதது, எது உயரத்தோடு மாறுவது என்பது தெரியும்.

நாம் செய்யக்கூடியது நம்முடைய வரியைச் சரியாக எழுதுவது. அதிலும் ஒரு கட்டம் அடிக்கடி பிழையாக நிரம்புகிறது: காய்ச்சல் தொடங்கிய நாள். கேட்பவர் சிங்களத்தில் கேட்கிறார், நோயாளி தமிழில் சொல்கிறார், நடுவில் யாரோ ஒருவர் கைவிரலைக் காட்டுகிறார், கார்ட்டில் "2 வாரம்" என்று விழுகிறது. தமிழிலேயே கேட்டாலும் "கொஞ்ச நாளா" என்பதுதான் பதிலாக வரும். தோட்டத்தில் வளர்ந்த தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ அருகில் இருந்தால் வேறு விதமாகக் கேட்பார்: "பத்தாம் திகதிச் சம்பளத்துக்கு முன்னமா பிறகா? தேர் இழுக்கிறப்போ நல்லாத்தானே இருந்தீங்க? கடைசியா எப்ப பேர் போட்டீங்க?" அந்தக் கடைசிக் கேள்விக்கான விடை தோட்டத்து வரவுப் பதிவான செக்றோலில் நாள் வாரியாக எழுத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக் கொடுக்க ஒரு கணக்கப்பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும்.